தாகமே எடுக்காத தம்பி, சோடியம் 168, சிதைந்த தசைகள்: வீட்டில் எப்படிக் கவனிப்பது?

மூத்தவள் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நாள் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து மனத்துக்குள் ஓட்டியதெல்லாம் ஒரே மூச்சில் வருகிறது.

என் தம்பிக்கு 36 வயது. இருபது மாதங்களுக்கு முன் மூளையின் முன்பகுதியில் ஓடும் இரத்தக் குழாயில் இருந்த வீக்கம் வெடித்து, அறுவை சிகிச்சை செய்து கிளிப் போட்டார்கள். பிழைத்துக்கொண்டான். நடக்கிறான், பேசுகிறான், பழைய கிண்டல் அப்படியே இருக்கிறது. திரும்பாதவை இரண்டு. காலையில் நடந்தது மாலைக்குள் அவனுக்கு மறந்துபோகிறது. மறந்த இடத்தை வேறு ஏதாவது சொல்லி நிரப்பிவிடுகிறான், பொய் சொல்கிறோம் என்று தெரியாமலே. இன்னொன்று தாகம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவனாக ஒரு நாளும் தண்ணீர் கேட்டதில்லை.

தாகம் போய்விட்டது என்று அப்போதே சொன்னார்கள். சிறுநீர் அளவு மீறிப் போகாமலிருக்க டெஸ்மோபிரெசின் மாத்திரை காலையும் இரவும். மாத்திரைக்கு அளவு, நேரம், எத்தனை மாதம் என்று எல்லாம் தாளில் இருந்தது. தண்ணீருக்கு ஒரே வரி: ‘நிறைய தண்ணீர் கொடுக்கவும்.’ நானும் அந்த வரிக்கு ஒரு வரி அளவு மரியாதைதான் கொடுத்தேன். இருந்தாலும் நான் பக்கத்தில் இருந்தவரை குறையில்லை. எதிரே நின்று குடிக்க வைத்துவிடுவேன்.

போன மாதம் வேலை விஷயமாக ஒன்பது நாள் வெளியூர் போக வேண்டி வந்தது. அம்மாவிடம் மாத்திரை டப்பாவை அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போனேன். அம்மா ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. தண்ணீருக்கு, ‘குடித்தாயா?’ என்று கேட்டிருக்கிறார். ‘குடித்துவிட்டேன் அம்மா’ என்று அவன் சொல்லியிருக்கிறான். இரண்டு பேரும் உண்மையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

ஆறாம் நாள் தொலைபேசியில் அம்மா சொன்னார்: ‘எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறான், தொடை வலிக்கிறதாம்.’ நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை அவனிடம் கொடுக்கச் சொல்லி, படுத்துக்கொண்டே இருந்தால் வலிக்கத்தான் செய்யும், சோம்பேறித்தனத்தை விட்டுவிட்டு மாடிப்படி நாலு தடவை ஏறி இறங்கு என்று திட்டினேன். அவன் முயன்றிருக்கிறான். மூன்றாவது படியில் உட்கார்ந்துவிட்டானாம். அம்மா பிடித்துத் தூக்கியும் எழ முடியவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

நான் வந்து சேர்ந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கேட்டால் பதில் வந்தது, ஆனால் தாமதமாக வந்தது. கெண்டைக்காலைத் தொட்டேன், கட்டையாக இருந்தது. லேசாக அழுத்தியதும் கத்தினான். கட்டிலுக்குப் பக்கத்தில் நான் போகும்போது வைத்த தண்ணீர் பாட்டில். கழுத்து வரை அப்படியே இருந்தது. நாள் கணக்கில் அசையாத தண்ணீரில் உள்சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டிருக்குமே, அப்படி. கையில் எடுத்ததும் எல்லாம் ஒன்றாக மேலே கிளம்பின. டப்பாவில் மாத்திரை அறைகள் அத்தனையும் காலி, பாட்டில் மட்டும் நிறைந்திருந்தது.

கழிவறையில் சிறுநீரைப் பார்த்தேன். பால் விடாத தேநீரை நன்றாகக் கொதிக்க விட்ட நிறம்.

முதலில் போன இடத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்து, கல்லீரலுக்காகப் பார்க்கும் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி. 610, எஸ்.ஜி.பி.டி. 150, சிறுநீரும் கறுப்பு, கல்லீரல் கோளாறு, மஞ்சள் காமாலையாக இருக்கும் என்றார்கள். கண்ணில் மஞ்சளே இல்லையே என்று கேட்டதற்குப் ‘போகப் போக வரும்’ என்று பதில். இந்த ஒரு வாக்கியத்தால் ஒரு முழு இரவு வீணானது. மறுநாள் பெரிய மருத்துவமனை. அங்கே இரத்தத்தில் சோடியம், அதாவது உப்பு, 168; 145க்குள் இருக்க வேண்டுமாம். சி.கே. என்று தசை நொதிக்கு ஒரு பரிசோதனை, 200க்குள் இருக்க வேண்டுமாம், இவனுக்கு 31,600. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.9, பொட்டாசியம் 5.6, இரண்டும் அதிகம். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் குச்சியில் இரத்தம் என்று காட்டியது. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு சிவப்பணுகூட இல்லை. அப்போதுதான் ஒருவர் ‘ராப்டோமயோலிசிஸ்’ என்றார். தசை சிதைந்து இரத்தத்தில் கரைகிறது என்று விளக்கினார்.

சோடியம் நாளுக்கு நாள் 168, 159, 151, 145 என்று இறங்கியது. சி.கே. மறுநாள் இன்னும் ஏறி 44,200க்குப் போய் எங்களைக் கலங்கடித்துவிட்டு, பிறகு மளமளவென்று இறங்கியது. டயாலிசிஸ் வரை போகவில்லை. வீடு வந்துவிட்டோம்.

இப்போது என் கேள்விகள். தண்ணீர் குறைந்தால் நாக்கு வறளும், தலை சுற்றும், சரி. தொடைத் தசை ஏன் சிதைய வேண்டும்? மூட்டை தூக்கவில்லை, ஓடவில்லை, விழவில்லை. இரண்டாவது, வார்டு வாசலில் இரண்டு மருத்துவர்கள் என் காதுபடவே வாதம் செய்தார்கள். சிறுநீரகத்துக்காக டிரிப்ஸை வேகமாக விட வேண்டும் என்றார் ஒருவர். மூளைக்காக மெதுவாகத்தான் விட வேண்டும் என்றார் இன்னொருவர். யார் சொன்னது சரி? மூன்றாவதுதான் முக்கியம். தாகமும் இல்லாமல், குடித்தது நினைவிலும் நிற்காமல் இருக்கும் ஒருவனை, நான் எப்படி வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க வைப்பது?

---

இரவுப்பணி எழுதியது:

அம்மா, முதலில் ஒன்று. மாடிப்படி ஏறச் சொன்னதை நினைத்து உருகாதீர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் 19 வருடம் செவிலியராக இருந்துவிட்டேன். உறவினர் எல்லோரும் முதலில் அப்படித்தான் நினைக்கிறார்கள். உங்கள் தம்பிக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும்? அவர் உடம்பில் அலாரம் அடிக்கிற கம்பியே அறுந்திருக்கிறது.

தசைக்கு வருகிறேன். ஒவ்வொரு தசைச் செல்லின் சுவரிலும் ஒரு இறைப்பான் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. சோடியத்தை வெளியே தள்ளும், பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். கிணற்றில் ஊறுவதை ஊற ஊற இறைப்பது மாதிரி. நின்றால் கிணறு நிறைந்துவிடும். வெளியே உப்பு ஏறும்போது செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே உறிஞ்சப்படுகிறது, செல் சுருங்குகிறது. இரத்தத்தின் அளவும் குறைந்துவிடுவதால் தசைக்குப் போகும் ஓட்டமும் மெலிகிறது. இறைப்பானுக்கு வேலை கூடுகிறது, கிடைக்கும் எரிபொருள் குறைகிறது. அது தளர்ந்ததும் சோடியம் உள்ளே தேங்குகிறது, அதன் பின்னாலேயே கால்சியமும் வந்து சேர்கிறது. கால்சியம்தான் வினை. தசையைச் சுருங்கச் சொல்லும் கட்டளையே அதுதான். உள்ளே தேங்கியதும் நார்கள் சுருங்கியது சுருங்கியபடி நிற்கும். நீங்கள் தொட்டுப் பார்த்த ‘கட்டை’ அது. அதோடு செல்லுக்குள் தூங்கிக்கொண்டிருந்த நொதிகளும் விழித்துத் தன் வீட்டையே தின்னத் தொடங்கும். மூட்டையும் தூக்க வேண்டாம், ஓடவும் வேண்டாம். படுத்த படுக்கையிலேயே நடக்கும்.

செல் கிழிந்ததும் உள்ளே இருந்தவை எல்லாம் இரத்தத்துக்கு வருகின்றன. பொட்டாசியம் வரும், அது இதயத் துடிப்பைக் கெடுக்கும், எங்களுக்கு முதல் பயம் அதுதான். மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் வரும். சிறுநீருக்கு அந்தத் தேநீர் நிறம் கொடுப்பது அது. சிறுநீர்க் குச்சி ஹீமோகுளோபினுக்கும் மயோகுளோபினுக்கும் வித்தியாசம் பார்க்காது, இரண்டுக்கும் ‘இரத்தம்’ என்றுதான் நிறம் மாறும். நுண்ணோக்கியில் அணு இல்லை என்றால் தசையைச் சந்தேகிக்க வேண்டும். எஸ்.ஜி.ஓ.டி. கதையும் இதேதான். அது கல்லீரலின் சொத்து என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தசையிலும் ஏராளமாக இருக்கிறது. எஸ்.ஜி.ஓ.டி. எஸ்.ஜி.பி.டி.யைப் போல நான்கு மடங்கு, கண்ணில் மஞ்சள் இல்லை, காலில் வலி. இந்த மூன்றும் சேர்ந்தால் சி.கே. பார்க்கச் சொல்லி உரிமையோடு கேளுங்கள்.

சி.கே. மறுநாள் ஏறியதைக் கண்டு பயந்தீர்கள் அல்லவா? அது எப்போதும் அப்படித்தான். சேதம் தொடங்கிய முதல் மூன்று நாட்களுக்குள் உச்சம் தொட்டு, சேதம் நின்றபின் ஒன்றரை நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய பாதியாகும். உங்கள் தம்பிக்கு உப்பு சரியாகும்வரை தசை உடைந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

இந்த மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கிற விஷயம் போர்க்காலத்தில்தான் தெளிவாகப் பிடிபட்டது. 1941இல் லண்டனில் குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களுக்கு அடியில் மணிக்கணக்கில் சிக்கியவர்களை உயிரோடு மீட்டார்கள். கால் நசுங்கியதைத் தவிர தெளிவாகத்தான் இருந்தார்கள். சில நாட்களில் சிறுநீர் நின்று இறந்துபோனார்கள். பைவாட்டர்ஸ், பீல் என்ற இரு மருத்துவர்கள் அதை விவரித்து எழுதினார்கள். உங்கள் தம்பியின் மேல் கட்டடம் விழவில்லை, உள்ளிருந்தே இடிந்திருக்கிறது. சிறுநீரகத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

வாசலில் நடந்த வாதத்துக்குத் தீர்ப்பு கேட்டீர்கள். இருவர் சொன்னதும் சரி. தசைச் சிதைவுக்கு வைத்தியம் நிறைய திரவம் விட்டு, அடைப்பு விழாமல் சிறுநீரகத்தை அலசிக்கொண்டே இருப்பது. சாதாரணமாக யோசிக்கவே மாட்டோம், திறந்துவிடுவோம். ஆனால் சோடியம் இரண்டு நாளுக்கு மேல் உயர்ந்தே இருந்தால், மூளை தன் தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் செல்களுக்குள் கரைபொருள்களைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. இரத்தத்தைத் திடீரென்று நீர்க்கச் செய்தால் அந்தச் சேமிப்பே எமனாகிவிடும். தண்ணீர் மூளைக்குள் பாய்ந்து வீக்கம், வலிப்பு. அதனால் ஒரு நாளைக்கு 10, மிஞ்சினால் 12க்கு மேல் இறக்குவதில்லை. உங்கள் தம்பிக்கு 9, 8, 6 என்று இறங்கியிருக்கிறது. அந்த எண்களைப் பார்த்ததும் அங்கே இரவுப்பணியில் இருந்தவர் யாரோ, அவருக்கு மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டேன். சில மணிக்கு ஒருமுறை இரத்தம் எடுத்து, டிரிப்ஸை மாற்றி மாற்றிப் போட்டால்தான் அப்படி ஒழுங்காக இறங்கும்.

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். சாதாரண சலைனில் ஒரு லிட்டருக்கு 154 மில்லிமோல் சோடியம் இருக்கிறது. நமக்கு அது உப்புத் தண்ணீர். 168இல் இருந்த உங்கள் தம்பிக்கு அது தன் இரத்தத்தைவிட நீர்த்த திரவம். ‘ஏற்கனவே உப்பு அதிகம், மறுபடியும் உப்புத் தண்ணீரா ஏற்றுகிறீர்கள்?’ என்று உறவினர்கள் சண்டைக்கு வருவார்கள். முதலில் இரத்த ஓட்டத்தை நிமிர்த்த அது. அப்புறம்தான் வெறும் தண்ணீருக்கு ஈடான குளுக்கோஸ் டிரிப்ஸோ, மூக்குக் குழாய் வழியே தண்ணீரோ.

தம்பியின் எடை எவ்வளவு?

---

மூத்தவள் எழுதியது:

60 கிலோ. போன மாதத்துக்கு முன்பு வரை. மருத்துவமனையில் சேர்க்கும்போது நிற்க முடியாததால் எடை பார்க்கவில்லை.

---

இரவுப்பணி எழுதியது:

அப்படியானால் கணக்கு எளிது. 60 கிலோ ஆணின் உடம்பில் சுமார் 36 லிட்டர் தண்ணீர். 168ஐ 140ஆல் வகுத்தால் 1.2. ஆக, ஐந்தில் ஒரு பங்கு, 7.2 லிட்டர் குறை. மதிப்பீடுதான், துல்லியம் கேட்காதீர்கள். ஒன்பது நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 800 மில்லி துண்டு விழுந்திருக்கிறது. அவ்வளவுதான். மாத்திரை சிறுநீரைப் பிடித்து வைத்தாலும் மூச்சிலும் தோலிலும் போவதை எந்த மாத்திரையும் பிடிக்காது. ஒரே நாளில் யாரும் கண்டுபிடித்திருக்க முடியாத அளவு கடன், ஒன்பதாம் நாள் வட்டியோடு வந்து நின்றது.

---

விடிவெள்ளி எழுதியது:

படிக்கவே பதறுகிறது சகோதரி. நல்ல வேளை காப்பாற்றிவிட்டீர்கள். இனி ஒரு நாளைக்கு 5 லிட்டருக்குக் குறையாமல் கொடுங்கள். அதிகம் குடித்தால் எதுவும் கெட்டுப்போகாது, வேண்டாததைச் சிறுநீராக உடம்பு தள்ளிவிடும்.

---

தாகமறியான் எழுதியது:

விடிவெள்ளி அவர்களே, நல்ல மனத்தோடு எழுதியிருக்கிறீர்கள், ஆனால் தயவுசெய்து இதை யாரும் பின்பற்ற வேண்டாம். அந்த 5 லிட்டரைக் குடித்துப் பார்த்தவன் நான்.

பதினொரு வருடங்களுக்கு முன் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலே இருந்த கட்டியை எடுத்தார்கள். அன்றிலிருந்து எனக்கும் தாகம் கிடையாது, நானும் டெஸ்மோபிரெசின்தான். முதல் வருடம் சோடியம் 160ஐத் தாண்டிப் படுத்தேன். பயந்துபோன என் மனைவி அதற்குப் பிறகு குடம் குடமாகக் குடிக்க வைத்தார். ‘வேண்டாததை உடம்பு தள்ளிவிடும்’ என்பது மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு. அந்த மாத்திரையின் வேலையே தள்ளவிடாமல் தடுப்பதுதான். மூன்றாம் வாரம் சோடியம் 119, வலிப்பு. தரையில் விழுந்து முன்பல் போனது; இப்போது இருப்பது கட்டிய பல். உப்பு அதலபாதாளத்துக்கு இறங்கினாலும் தசை சிதையலாம் என்று அந்தச் சமயத்தில்தான் தெரிந்துகொண்டேன். எனக்கும் சி.கே. ஏறியது, அதில் வலிப்புக்கும் பங்கு இருந்ததாம். மேலேயும் பள்ளம், கீழேயும் பள்ளம், நடுவில் 135 முதல் 145 வரை ஒரு வரப்பு. நாங்கள் அதன் மேல்தான் நடக்கிறோம்.

மூத்தவளே, உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் வழியைச் சொல்கிறேன். உங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டு எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

சோடியம் சரியாக, 140ஐ ஒட்டி இருக்கும் ஒரு நாளில் எடை பாருங்கள். அதுதான் இலக்கு எடை. எனக்கு 68.0. தினமும் காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும், எதுவும் வாயில் படுவதற்கு முன், அதே மாதிரித் துணியோடு எடை. அடிப்படை அளவு நாளைக்கு 1.6 லிட்டர் என்று எனக்கு வகுத்துக் கொடுத்திருக்கிறார்கள். இன்று 67.5 இருந்தால் அரை லிட்டர் கூட்டி 2.1. இன்று 68.4 இருந்தால் 400 மில்லி கழித்து 1.2. ஒரே நாளில் உடம்பில் ஏறி இறங்குவது கொழுப்பில்லை, தண்ணீர்தான். அதனால் ஒரு கிலோ என்றால் ஒரு லிட்டர். காய்ச்சலோ வெயிலோ வயிற்றுப்போக்கோ, காரணம் எதுவாக இருந்தாலும் தராசு சொல்லிவிடும். ஒரே நாளில் ஒன்றரை கிலோ வித்தியாசம் கண்டால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்காமல் இரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுவேன்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. மூளையில் தாகத்தைக் கவனிக்கும் பகுதி கெட்டவர்களுக்குப் பசி கட்டுக்கடங்காமல் போவதும் உண்டு. நான் ஒரு வருடத்தில் ஆறு கிலோ சதை போட்டேன். சதை போட்டது தெரியாமல் பழைய இலக்கையே வைத்திருந்தால், தண்ணீர் ஏறிவிட்டது என்று நினைத்துத் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே போவோம். அதனால் தராசை மட்டும் நம்பக்கூடாது. முதலில் வாரம் ஒருமுறை சோடியம், நிலைப்பட்ட பின் இடைவெளியைக் கூட்டலாம். ஒவ்வொரு முறையும் இலக்கு எடையைச் சரிபார்க்க வேண்டும்.

உங்கள் தம்பிக்கு நினைவும் நழுவுகிறது என்கிறீர்கள். எனக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் ஒன்று சொல்வேன்: ‘குடித்தாயா?’ என்ற கேள்வியையே வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்கு அவரிடம் பதில் இல்லை, ஆனாலும் ஒரு பதில் சொல்லிவிடுவார். அன்றைய அளவு முழுவதையும் காலையிலேயே ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி, மதியம் எங்கே இருக்க வேண்டும், மாலை எங்கே இருக்க வேண்டும் என்று வெளியே பட்டை ஒட்டுங்கள். பார்ப்பவர் யாராக இருந்தாலும் ஜாடியைப் பார்த்தால் போதும், அவரைக் கேட்க வேண்டியதில்லை. வேறு பாத்திரத்தில் தண்ணீர் அவருக்கு வேண்டாம். உணவோடு குடிப்பதும் அந்த ஜாடியிலிருந்தே.

தாகமில்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று என் மகள் கேட்பாள். உதடு ஒட்டிக்கொள்வது எனக்குத் தெரிகிறது. நாக்கு சொரசொரப்பாவது தெரிகிறது. பக்கத்து அறையில் யாரோ பேசிக்கொள்வது காதில் விழுகிற மாதிரி. எனக்கென்று சொல்வதாகத் தோன்றாது. மூளையின் மூன்றாவது அறையின் முன்சுவரில் இரத்தத்தின் உப்பை ருசி பார்க்கும் செல்கள் இருக்கின்றன. உப்பு நூற்றில் ஒன்றிரண்டு பங்கு கூடினாலே அவை மற்றவர்களைத் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தேடி நடக்க வைத்துவிடும். 1950களில் ஸ்வீடனில் ஆண்டர்சன் என்ற ஆராய்ச்சியாளர் ஆடுகளின் மூளையில் அந்தப் பக்கமாகத் துளி உப்புக் கரைசலைச் செலுத்தியதும், வயிறு நிறையக் குடித்திருந்த ஆடுகள்கூட மறுபடி லிட்டர் லிட்டராகக் குடித்தனவாம். எனக்கு அந்த ஆடுகள் மேல் லேசான பொறாமை.

மறந்துவிட்டேன், இன்னொன்று. எங்கள் மாதிரி ஆட்களுக்கு உப்பு ஏறி இரத்தம் கெட்டிப்படும்போது காலில் இரத்தக் கட்டி விழும் ஆபத்து உண்டு. இரண்டு காலும் வலித்தால் தசை என்று யோசிக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றே மருத்துவமனை.

---

விடிவெள்ளி எழுதியது:

மன்னிக்கவும். மாத்திரையின் வேலை அது என்று தெரியாமல் எழுதிவிட்டேன். என் பதிலை அழிக்காமல் விடுகிறேன், கீழே உள்ள பதிலோடு சேர்த்துப் படிக்கட்டும்.

---

மூத்தவள் எழுதியது:

தாகமறியான் ஐயா, உங்கள் பதிலைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். ‘பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி’ என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னான். ‘ஆமாம், இதுதான்’ என்றான். இருபது மாதமாக எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்திருக்கிறான். மாலையில் அதை மறந்துவிட்டான், நான் மறக்கவில்லை.

மருத்துவரைப் பார்த்தோம். எடைத் திட்டத்தை ஏற்றுக்கொண்டார். இலக்கு 60.0, அடிப்படை 1.5 லிட்டர், வாரா வாரம் சோடியம். ‘நிறைய தண்ணீர்’ என்ற வரியை அவரே அடித்துவிட்டு எண் எழுதிக் கொடுத்தார். மாடிப்படி ஏறலாமா என்று கேட்டேன். சி.கே. இப்போது 1,150, ஆயிரத்துக்குக் கீழே வந்து, சிறுநீர் தெளிவாக இருந்து, வலியும் போகட்டும், அதுவரை சமதரையில் நடந்தால் போதும் என்றார். தொடையை எண்ணெய் தேய்த்து நீவிவிடவா என்று அம்மா கேட்டதற்குக் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார்.

ஜாடி வாங்கியாகிவிட்டது. மதியத்துக்கு நீலப் பட்டை, மாலைக்குச் சிவப்பு. அம்மா அதைப் பார்த்துவிட்டு, ‘இவனிடம் கேட்டதற்கு இதனிடமே கேட்டிருக்கலாம்’ என்றார். தம்பிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

சின்னச் சந்தேகம் ஒன்று. தராசைத் தரையில் ஒரு ஓட்டில் (டைல்) வைத்தால் 59.7 காட்டுகிறது, அடுத்த ஓட்டுக்கு நகர்த்தினால் 59.4. எதை நம்புவது? 300 மில்லி என்பது எனக்கு இப்போது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

---

தாகமறியான் எழுதியது:

இரண்டில் எதை வேண்டுமானாலும் நம்பலாம், ஆனால் எப்போதும் அந்த ஒன்றை மட்டும். இலக்கு எடை பார்த்தபோது எந்த ஓட்டில் வைத்தீர்களோ அதுவே. அந்த ஓட்டைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள். தரை துடைக்கும்போது அழியும், திரும்பப் போட வேண்டும். என் வீட்டில் பதினொரு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.